அடுத்தவருக்கு வைத்த குண்டு: லெக்ஸா, டாரா, ரூட்

வேப்பம்பூ:

நேற்று இரவு தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். 'தி ஹண்ட்ரட்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாளாம், இரண்டாம் பருவம் முடிந்துவிட்டதாம், லெக்ஸாதான் அவளுக்குப் பிடித்த பாத்திரமாம். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதனால்தான் இந்த இழை. கதை முழுவதையும் உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2016 மார்ச். கோவையில் விடுதியில் இருந்தேன். அறைத்தோழி தூங்கிவிட்டாள். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து மூன்றாம் பருவத்தின் ஏழாம் பகுதியைப் பார்க்கிறேன். மார்ச் 3 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது அது. கதாநாயகி கிளார்க் தன் மக்களிடம் திரும்பிப் போகப் போகிறாள். விடைபெற லெக்ஸாவின் அறைக்கு வருகிறாள். பன்னிரண்டு குலங்களைக் கட்டியாளும் தளபதி லெக்ஸா, கண்ணில் நீரோடு நிற்கிறாள். இருவரும் முதல் முறையாக ஒன்றாக இருக்கிறார்கள். அப்புறம் படுக்கையில் கிளார்க் அவளுடைய முதுகில் உள்ள பச்சை குத்தலைப் பற்றிக் கேட்கிறாள். நான் அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்த்தேன். இரண்டு பெண்கள் அவ்வளவு நிம்மதியாகப் படுத்துப் பேசிக்கொண்டிருப்பதை அதற்கு முன் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மறுபடி ஓட்டிச் சில நிமிடங்கள்தான். லெக்ஸாவின் ஆலோசகன் டைட்டஸ் கிளார்க்கைக் கொல்லத் துப்பாக்கியோடு நிற்கிறான். குறி தவறிய குண்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த லெக்ஸாவின் வயிற்றில் பாய்கிறது. விரலெல்லாம் கறுப்பு ரத்தம். போர்க்களத்தில் சாகவில்லை, வாள் வீசிச் சாகவில்லை. வேறு ஒருத்திக்கு வைத்த குண்டில், தற்செயலாகச் செத்தாள்.

அன்று அழுததைவிட அதிகமாக அழுதது சில நாள் கழித்துத்தான். அதே மாதிரி இன்னொருத்தி 2002இலேயே செத்துப்போயிருக்கிறாள் என்று படித்தபோது.

கடைசிபெஞ்ச்:

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தொடரில் யார்தான் சாகவில்லை? கிளார்க்கின் காதலனாக இருந்த ஃபின் செத்தான், அதுவும் கிளார்க்கே தன் கையால் கத்தி இறக்கினாள். மலைக்குள் இருந்த ஊரே மொத்தமாகச் செத்தது. அப்படிப்பட்ட கதையில் லெக்ஸா மட்டும் தப்பிக்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு பாரபட்சம் இல்லையா? அதோடு லெக்ஸாவாக நடித்த அலிசியா டெப்னம் கேரி அப்போதே 'ஃபியர் தி வாக்கிங் டெட்' தொடரில் முக்கிய வேடத்தில் இருந்தார். நடிகை கையில் இல்லாதபோது எழுத்தாளர் என்ன செய்வார்?

பழைய_டிவிடி:

வேப்பம்பூ சொல்லும் அந்த 2002 மரணத்தை நான் வட்டில் பார்த்தவள். 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்', ஆறாம் பருவம், மே 7. டாராவும் வில்லோவும் பல பகுதிகளாகப் பிரிந்திருந்து அப்போதுதான் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி தொடங்கும்போதே இருவரும் படுக்கையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில், கீழே தோட்டத்தில் வாரன் என்ற வில்லன் நாயகி பஃபியைச் சுடுகிறான். ஒரு குண்டு மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு டாராவின் முதுகில் ஏறுகிறது. தனக்கு என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. வில்லோவின் மேல் தெறித்த ரத்தத்தைப் பார்த்து, "உன் சட்டை..." என்கிறாள். அவ்வளவுதான்.

அந்தப் பகுதிக்கு முன்னால் வரை ஆம்பர் பென்சனின் பெயர் தொடக்கப் பாடலில் வந்ததே இல்லை. விருந்தினர் பட்டியலில்தான் வரும். அந்த ஒரே ஒரு பகுதியில் அவர் முகமும் பெயரும் முக்கிய நடிகர்களோடு வந்தன. நான் சந்தோஷப்பட்டேன். இனி இவள் நிரந்தரம் என்று நினைத்தேன். நாற்பது நிமிடத்தில் கொன்றுவிட்டார்கள். இருபது வருடம் ஆகியும் இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையின் நாயகி பஃபியே ஒரு வருடத்துக்கு முன் செத்து, மந்திரத்தால் திரும்பி வந்தவள். வில்லோ டாராவுக்கும் அதையே கேட்கிறாள். முடியாது, இது மந்திரத்தால் வந்த சாவு இல்லை, இயற்கையான சாவு என்று மறுத்துவிடுகிறார்கள். துப்பாக்கிக் குண்டு இயற்கையாம். அதன் பிறகு டாராவின் கதை முடிந்து, வில்லோ கெட்டவளாக மாறும் கதைதான் ஓடுகிறது.

வேப்பம்பூ:

கடைசிபெஞ்ச் தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஃபின்னின் சாவுக்குப் பல பகுதிகளாகப் பாதை போட்டார்கள். அவன் செய்த கொலைகளுக்கு அவன் விலை கொடுத்தான். அவன் செத்த பிறகும் காதலிக்கும் ஆண்கள் அந்தத் தொடரில் நிறையப் பேர் இருந்தார்கள். லெக்ஸாவின் சாவுக்கு முன்னால் என்ன இருந்தது? ஒரு காதல் காட்சி. அது மட்டும்தான்.

பழைய_டிவிடி எழுதியதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டு தொடர், நடுவில் 14 வருடம். இரண்டிலும் சேர்ந்திருந்த சுகம் ஆறுவதற்குள் சாவு, இரண்டிலும் படுக்கையறை வாசம் மாறாத இடம், இரண்டிலும் அடுத்தவருக்கு வைத்த குண்டு.

நடிகை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் லெக்ஸா ஒரு தளபதி. வடக்கே போருக்கு அனுப்பலாம், தலைநகரிலேயே இருக்க விட்டுக் கிளார்க்கை மட்டும் கிளப்பலாம். கிளார்க் கிளம்பத்தானே இருந்தாள்! விடைபெறுவதோடு விட்டிருந்தால் போதும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். எனக்கு வலித்தது டெனிஸ். 'தி வாக்கிங் டெட்' தொடரில் அவள் மருத்துவர். அறுவை சிகிச்சை நிபுணராக ஆசைப்பட்டு, பதற்ற நோயால் முடியாமல் மனநல மருத்துவம் படித்தவள். ஊரில் வேறு மருத்துவர் இல்லாமல் போனதும் கை நடுங்க நடுங்கத் தையல் போடுவாள். முதல் முறை ஊசி போடப் போன அன்று என் கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதனால் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லெக்ஸா செத்து 17 நாள் கழித்து, மார்ச் 20. மருந்துக்கடை ஒன்றில் மருந்து எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் தண்டவாளத்தில் நின்று, தான் ஏன் பயத்தோடே வெளியே வந்தேன் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். காதலியிடம் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பதிலுக்குச் சொல்லாமல் விட்ட வருத்தத்தையும் சொல்லிவிட்டாள். பேச்சின் நடுவிலேயே ஓர் அம்பு கண் வழியாகத் துளைத்து வெளியே வருகிறது. மூலக் கதையான படக்கதை நூலில் அந்த அம்பு ஏபிரகாம் என்ற ஆளுக்கு. தொலைக்காட்சிக்கு வந்தபோது அதை இவளுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவளுடைய காதலியின் பெயரும் டாராதான். இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

கடைசிபெஞ்ச்:

அம்பு விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது. 'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என் விருப்பத் தொடர், அதில் ரூட் செத்ததும் அதே 2016தான், மே 31, நூறாவது பகுதி. ஒளிந்திருந்து சுடுபவன் அவளுடைய கூட்டாளி ஃபின்ச்சைக் குறி வைக்கிறான். காரை ஓட்டிக்கொண்டிருந்த ரூட் குறுக்கே வந்து அந்தக் குண்டை வாங்கிக்கொள்கிறாள். அவளுடைய காதலி ஷா அவளிடம் திரும்பி வந்தது அதற்கு முந்தின பகுதியில்தான். இதை அப்போது ஒரு வீர மரணமாக மட்டும்தான் பார்த்தேன். இந்த இழையைப் படித்தபின் எண்ணிப் பார்க்கிறேன், மூன்றாவது குண்டு.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரூட் தானாக முடிவெடுத்தாள். அவள் செத்ததும், ஃபின்ச் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு இயந்திரம் அவளுடைய குரலைத் தன் குரலாக எடுத்துக்கொள்கிறது. ஃபின்ச் தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் இறந்ததைத் தெரிந்துகொள்கிறார். அந்தக் காட்சியை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

வேப்பம்பூ:

அதைக் குறை சொல்ல வேண்டாம் தம்பி. நானும் அந்தக் காட்சியில் உடைந்துபோனேன். ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சை அடைக்கிறது. அந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து தொலைக்காட்சியிலும் இணையத் தொடர்களிலும் இப்படிப்பட்ட பெண் பாத்திரங்கள் 25க்கு மேல் செத்ததாக ஊடகங்களில் பால்புதுமையினர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று கவனிக்கும் அமெரிக்காவின் 'கிளாட்' அமைப்பு தன் ஆண்டறிக்கையில் எழுதியது. இருந்ததே சொற்பம், அதில் இத்தனை.

நூலகப்படி:

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிவுட்டில் 1930இல் ஒரு தணிக்கை விதித்தொகுப்பு எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக அமலுக்கு வந்தது. தன்பாலீர்ப்பைக் காட்டக் கூடாது, சாடையாகக்கூடச் சொல்லக் கூடாது என்றது அது. 1961இல்தான் இந்த விதியைத் தளர்த்தினார்கள். தளர்த்திய கையோடு வந்த 'தி சில்ரன்ஸ் அவர்' படத்தில், தோழியின் மேல் தனக்குள்ள காதலை உணர்ந்து வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியை அடுத்து உயிரை விட்டுவிடுகிறாள். வாய் திறக்க அனுமதி கிடைத்ததும் முதலில் நடந்தது அதுதான்.

நாவல்களில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1952இல் மாரிஜேன் மீக்கர் என்ற எழுத்தாளர் வின் பேக்கர் என்ற புனைபெயரில் இரண்டு கல்லூரிப் பெண்களின் காதலை எழுதினார். பதிப்பாசிரியர் சொன்ன ஒரே நிபந்தனை, முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது என்பது. மலிவுப் பதிப்புகள் தபாலில் போகும். ஆபாசம் என்று தபால் அதிகாரிகள் பிடித்துவைத்துக்கொண்டால் பணம் போய்விடும். அதனால் ஒருத்திக்குப் புத்தி பேதலிக்க வேண்டும், மற்றவள் 'நான் அவளை உண்மையில் காதலிக்கவே இல்லை' என்று சொல்ல வேண்டும். அப்படியே எழுதினார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலாவதாகச் சொல்லப்படும் மரணம் 1976இல், 'எக்ஸிக்யூட்டிவ் சூட்' தொடரில். ஜூலி தன் மனதுக்குப் பிடித்தவளைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்குகிறாள், லாரி அடித்துவிடுகிறது.

தணிக்கை விதி 1968இலேயே போய்விட்டது. தபால் அதிகாரியும் போய்விட்டார். லெக்ஸாவைக் கொன்றவர்கள் யாரும் அந்த விதியைப் படித்துவிட்டு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட காதல் எப்படி முடியும் என்று அவர்கள் பார்த்து வளர்ந்த கதைகள் பலவும் அந்த விதியின் நிழலில் எழுதப்பட்டவை. கேட்டவர் போன பிறகும் நாம் தொடர்ந்து கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்காபரோ_வாசகி:

நான் கனடாவில் இருக்கிறேன். லெக்ஸா விஷயம் இங்கே பெரிய கதையாக இருந்தது, ஏனென்றால் 'தி ஹண்ட்ரட்' படமானதே வான்கூவரில்தான். பருவத்தின் இறுதிப் பகுதியை நகருக்குள் எடுத்தபோது அந்த நடிகையையும் அங்கே கண்ட ரசிகைகள், லெக்ஸா சாகமாட்டாள் என்று நம்பிப் போனார்கள். அவள் வந்தது உயிரோடு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளின் கோபம் சாவின் மேல் மட்டும் இல்லை. மாதக்கணக்காக அந்தக் காதலைக் காட்டிக் காட்டியே அவர்களைக் கூப்பிட்டுவிட்டு, இப்படிச் செய்தால் எப்படித் தாங்குவது?

மூன்று கிழமை கழித்துத் தொடரின் தலைமை எழுத்தாளர் ஜேசன் ராதன்பர்க் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்கிடையில் ரசிகைகள் ஒன்று செய்தார்கள், அதை நினைத்தால் எனக்கு இப்பவும் பெருமை. தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் பால்புதுமைப் பிள்ளைகளுக்கு உதவும் 'ட்ரெவர் ப்ராஜெக்ட்' அமைப்புக்கு லெக்ஸாவின் பெயரில் நிதி சேர்த்தார்கள். ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2017இல் லாஸ் வேகாஸில் தங்களுக்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள், அதன் பெயரிலேயே கிளார்க்கும் லெக்ஸாவும் இருந்தார்கள்.

கனடாத் தொலைக்காட்சி எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து 'லெக்ஸா உறுதிமொழி' என்று ஒன்றை எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். மற்றப் பாத்திரத்தின் கதையை நகர்த்துவதற்காக மட்டும் இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொல்லமாட்டோம், ரசிகர்களுக்கு ஆசை காட்டி ஏமாற்றமாட்டோம் என்பவை அதில் இருந்தன. சாகவே கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. கடைசிபெஞ்ச் தம்பி கேட்டதற்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

கடைசிபெஞ்ச்:

நன்றி அக்கா. அப்படியானால் 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' தொடரின் பூசேயை எங்கே வைப்பீர்கள்? அந்தச் சாவு இல்லாமல் அந்தக் கதை சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க முடியாது.

ஸ்காபரோ_வாசகி:

அதைப் பற்றி எனக்குள்ளேயே இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். நாலாம் பருவம், 2016 ஜூன். சிறை உணவுக்கூடத்தில் ஒரு காவலாளி முதுகில் முழங்காலை அழுத்த, மூச்சு விட முடியாமல் பூசே செத்துப்போகிறாள். நியூயார்க்கில் பொலிஸ் பிடியில் செத்த எரிக் கார்னர் நினைவுக்கு வராமல் அதைப் பார்க்க முடியாது. உயிர்த்தோழி டேஸ்டி பக்கத்தில் படுத்து அழுவாள், மறு பகுதியிலும் அவளுடைய உடல் அந்தத் தரையிலேயே கிடக்கும். கறுப்பினப் பெண்ணாக அந்தச் சாவுக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் பூசே அப்போதுதான் காதலித்துக்கொண்டிருந்தாள். வெளியே போனால் வேலை தருவதாக ஒருத்தி சொல்லியிருந்தாள். எல்லாம் கை கூடும் நேரம் பார்த்துத்தான் அவளையும் எடுத்தார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை நான் மறைக்கமாட்டேன்.

பெயர்_வேண்டாம்:

இங்கே எழுதுவது முதல் முறை. நான் தொடர்களைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரிந்தவள் இல்லை. சின்ன வயதில் என்னைப் போன்ற பெண்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் செய்தித்தாளில், உள்பக்கத்தில், 'தோழிகள்' என்ற ஒரு சொல்லோடு வரும் சாவுச் செய்திதான். அப்பா படித்து முடித்த தாளில் அதை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வேன். அதனால் திரையில் அப்படி இரண்டு பேர் வந்தாலே எனக்கு வயிறு இறுகிவிடும். யார் முதலில் சாவாள் என்றுதான் பார்ப்பேன்.

வேப்பம்பூ:

எழுதியதற்கு நன்றி. இங்கேயே இருங்கள். மனம் பாரமாக இருந்தால் எனக்குத் தனியாகவும் எழுதலாம், எந்த நேரமானாலும்.

பழைய_டிவிடி:

நானும் இருக்கிறேன் கண்ணு. உங்களுக்காக நல்ல முடிவு உள்ளது ஒன்று சொல்கிறேன், 'பிளாக் மிரர்' தொகுப்பில் 'சான் ஜுனிபெரோ'. 2016 அக்டோபரில் வந்தது, அடுத்த ஆண்டு எம்மி விருது வாங்கியது. கெல்லியும் யார்க்கியும் கடலோரச் சாலையில் காரில் போய்க்கொண்டே இருப்பார்கள். பிரிவே கிடையாது.

நூலகப்படி:

மன்னிக்கவும், அவருக்கு அதை முதலில் காட்ட வேண்டாம் என்று தோன்றுகிறது. எனக்கும் அந்தப் பகுதி உயிர். ஆனால் அந்தக் கடலோரம் ஒரு கணினி உலகம், அங்கே நிரந்தரமாக வாழ இருவரும் செத்தாக வேண்டியிருக்கிறது. யார்க்கி 21 வயதில் தன்னைப் பற்றி வீட்டில் சொல்கிறாள், அன்று இரவே கார் விபத்து, அதன் பின் 40 வருடம் அசைவில்லாமல் படுக்கை. மகிழ்ச்சி வருவதென்னவோ உண்மை, சாவுக்கு அந்தப் பக்கம் வருகிறது.

பழைய_டிவிடி:

நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே எல்லா முதியவர்களுக்கும் அதே வழிதான், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஆனால் முதலில் காட்ட வேண்டாம் என்பது சரி.

இரவுப்பணி:

'கில்லிங் ஈவ்' பற்றி யாரும் பேசவில்லையே? 2022 ஏப்ரல் 10. நாலு பருவம் காத்திருந்தோம். வில்லனெல்லும் ஈவும் கடைசியில் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள், எங்கிருந்தோ குண்டு, தேம்ஸ் நதியில் விழுகிறார்கள். ஈவ் மட்டும் மேலே வந்து அலறுகிறாள். முடிந்தது. லெக்ஸாவுக்குப் பிறகு ஆறு வருடம், அத்தனை பேச்சுக்குப் பிறகும்! மூல நாவல்களை எழுதிய லூக் ஜென்னிங்ஸே 'கார்டியன்' இதழில் இதைக் கண்டித்து எழுதினார், அதில் லெக்ஸாவின் சாவையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவருடைய புத்தகத்தில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வேப்பம்பூ:

செய்த தவறை உணர்ந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் சாலி வெய்ன்ரைட். 'லாஸ்ட் டேங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்' தொடரில் கேரலைன், கேட் என்ற இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கேட் நிறைமாதக் கர்ப்பிணி. மறுநாளே கார் மோதிச் சாகிறாள். குழந்தை மட்டும் பிழைக்கிறது. 2015 தொடக்கத்தில் வந்தது அது. அவளைக் கொன்றதற்கு வருந்துவதாக வெய்ன்ரைட் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் 2019இல் எடுத்ததுதான் 'ஜென்டில்மேன் ஜாக்'. அதே ஹாலிஃபாக்ஸ் ஊர்தான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஆன் லிஸ்டர் என்ற நிலக்கிழாரின் உண்மைக் கதை. தன் காதல்களைச் சங்கேத எழுத்தில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். 1834இல் யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆன் வாக்கரோடு சேர்ந்து நற்கருணை வாங்கி, அதையே தங்கள் திருமணமாக எடுத்துக்கொண்டார். முதல் பருவம் அந்தத் தேவாலயத்தில்தான் முடிகிறது. உண்மையில் லிஸ்டர் 1840இல் பயணத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். தொடர் இரண்டு பருவத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதனால் அந்தச் சாவு வரை கதை போகவே இல்லை. நிறுத்தியதில் எனக்கு வருத்தம்தான், இன்னும் எவ்வளவோ பார்க்க இருந்தது. ஆனாலும் அவர் அந்த ஊர் மலைச்சரிவில் தொப்பியோடு வேக வேகமாக நடந்துகொண்டே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர்_வேண்டாம்:

எனக்கு எதிலிருந்து தொடங்கலாம்? யாரும் சாகாதது வேண்டும்.

ஸ்காபரோ_வாசகி:

'வைனோனா எர்ப்' பாருங்கள் தங்கச்சி. கனடாவில் எடுத்தது, பேய் பிசாசு வேட்டைதான் கதை. வேவர்லி என்று ஒருத்தி, நிக்கோல் என்ற பொலிஸ்காரி. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் நிக்கோல் மேல் குண்டு பாயும். நிறுத்திவிடாதீர்கள், மூடிவிடாதீர்கள். சட்டைக்குள் கவச உடுப்புப் போட்டிருக்கிறாள். லெக்ஸா செத்த அதே 2016இல் வந்தது. தலைமை எழுத்தாளர் எமிலி ஆண்ட்ராஸ், நடுங்கிப் போயிருந்த ரசிகைகளிடம் இந்த இருவரும் பிழைப்பார்கள் என்று முன்னாலேயே வாக்குக் கொடுத்தார். 2021இல் கடைசிப் பகுதியில் இருவருக்கும் கல்யாணம்.

பெயர்_வேண்டாம்:

பதிமூன்று பகுதியையும் நாலு இரவில் பார்த்துவிட்டேன். குண்டு பாயும் என்று தெரிந்தும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உங்கள் பதிலை மறுபடி படித்தேன். அப்புறம் ஓட்டினேன். நிக்கோல் கண் திறந்தாள். இப்போது இரண்டாம் பருவம் முதல் பகுதி.